சீட்டில் எழுபத்திரண்டு

போட்டி காலை பத்து மணிக்கு. ஐந்து மணிக்கே எனக்குக் கை பரபரத்தது. அந்த மாதம் முழுக்க விடுதியில் இருந்த நாற்பது பெண்களின் கையிலும் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிப் பழகியிருந்தேன். சமையல்காரம்மா, வாசல் காவலாளி, குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று யாரையும் விடவில்லை. கடைசி வாரத்தில் என்னைக் கண்டாலே பாதிப் பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள், மீதிப் பேர் ஓடினார்கள்.

குஜந்த் நகரக் கல்லூரியில் மருந்தாளுநர் படிப்பில் எனக்கு அது கடைசி வருடம். அந்த வருடம் எல்லோரும் ஏதாவது ஒரு மருந்துக் கடையில் பயிற்சிக்குப் போயாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் ஒரே ஓர் இடம் உண்டு. அது கிடைத்தால் டாக்டர்களோடு வார்டுக்குள் நடக்கலாம், நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று பேசலாம். அந்த இடத்துக்குத்தான் போட்டி. முப்பத்திரண்டு பேரில் ஆரம்பித்து, மூன்று சுற்றுக்குப் பிறகு இரண்டு பேர் மிஞ்சினோம். ஒருவன் திலோவர். இன்னொருத்தி மவ்சுனா, அதாவது நான்.

தோற்றால் எனக்கு இஸ்ஃபராதான். எங்கள் ஊர். அங்கே சந்தை வாசலில் என் அம்மாவின் அண்ணன் ஷரோஃப் மாமா மருந்துக் கடை வைத்திருக்கிறார். மாமா படித்த மருந்தாளுநர் இல்லை, வெறும் கடைக்காரர். வேலைக்கு இருந்த மருந்தாளுநர் அம்மாள் மகனோடு ரஷ்யாவுக்குப் போனதிலிருந்து அவர் கண் என் மேல் விழுந்துவிட்டது. "கால் ரெண்டும் கனக்குது மவ்சுனா ஜான், ஏணியில ஏறி மேல்தட்டு மருந்தை எடுக்க முடியல, சீக்கிரம் வந்துடு" என்று மூன்று மாதமாக போனில் புலம்பல். எனக்கு என் மாமாவைத் தெரியும். ஆளைப் பிடித்துப் போடுவதற்காக ஆடுகிற நாடகம் என்று நினைத்தேன். ஏணியில் ஏறி இறங்கவா நான் இத்தனை வருடம் படித்தேன்?

திலோவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பக்கத்தில் எந்த வரி இருக்கிறது என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லக்கூடியவன். பேச்சு அளந்துதான் வரும். நான் வாயைத் திறந்தால் மூட மாட்டேன் என்று வகுப்பே சொல்லும். அன்று காலை மாடிப்படியில் அவனைப் பார்த்தபோது அவன் வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"என்ன திலோவர், ராத்திரி முழுக்க நின்னுகிட்டே தூங்கினியா?"

"நீ இன்னிக்காவது நோயாளியைப் பேச விடு" என்றான். "போன சுற்றுல அந்தம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க வியாதியை நீயே சொல்லி முடிச்சிட்ட."

"சரியாத்தானே சொன்னேன்!"

"அதுக்குத்தானே மூணு மார்க் போச்சு."

போனது உண்மைதான். எரிச்சலோடு மேலே ஏறினேன்.

இரண்டாம் மாடியில் ஓர் அறையை மருந்துக் கடையாக மாற்றி வைத்திருந்தார்கள். நடுவில் கடை மேசை, சுற்றிலும் கண்ணாடி அலமாரி, அலமாரி நிறைய வெறும் அட்டைப் பெட்டிகள். கதவைத் திறந்தால் மணி அடிக்கும். நோயாளியாக வருகிறவர் வேஷம் போட்டு வருவார். அவருக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்திருப்பார்கள். நாம் ஏழு நிமிடத்துக்குள் அவரை உட்காரவைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்து அனுப்ப வேண்டும். மொத்தம் முப்பது விஷயம், முப்பது மார்க்.

அன்றைக்கு வேஷம் போட வந்திருப்பவர் ஓரிஃப் அகா என்று தெரிந்ததும் எனக்குப் பயம் வந்தது, கூடவே சந்தோஷமும் பொங்கியது. பெரியவர்களை மரியாதையாக அகா என்பது எங்கள் வழக்கம். நாற்பது வருடம் நகர நாடக மேடையை ஆண்டவர். இப்போது வயது அறுபத்தெட்டு. ஓய்வு பெற்ற பிறகு வருடா வருடம் எங்கள் கல்லூரிக்கு நோயாளியாக வருகிறார். கேட்ட மருந்தைக் கொடுக்காவிட்டால் மேசையில் குத்துவார், கும்பிடுவார், பெத்த பிள்ளைகளை நினைத்துப் பார் என்று ஓவென்று அழுவார். அவரிடம் சிக்கிவிட்டு அழாமல் வெளியே வந்த மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எடுத்த வேஷத்தை விட்டு அவரை யாரும் வெளியே இழுத்ததில்லை. ஒருமுறை பல்வலிக்காரராக வந்திருந்தபோது கட்டிடத்தில் தீ அபாய மணி அடித்ததாம். கன்னத்தைப் பிடித்து முனகிக்கொண்டே படியிறங்கினாராம்.

அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கண்ணாடி போத்தல். தேன் நிறத்தில் தண்ணீர், அடியில் ஊறிப் பருத்த உலர் ஆப்ரிகாட்கள்.

"அகா, அது எங்க ஊர்ப் பழம்!" என்று கத்தியேவிட்டேன்.

"இஸ்ஃபராக்காரியா நீ? அதான் குரல் தெருமுனை வரைக்கும் கேக்குது."

"எங்க அம்மா காய வெச்சதைச் சாப்பிட்டுப் பாருங்க அகா. இதெல்லாம் அதுக்கு முன்னாடி நிக்காது."

எங்கள் ஊரில் வெறுங்கையோடு யார் வாசலையும் மிதிக்க மாட்டோம். போட்டிக்குப் போகிற பெண் என்று அம்மா ஒரு கிலோப் பையைக் கட்டிக் கொடுத்திருந்தாள், எங்கள் ஆசிரியைக்கு. அந்தப் பையை அப்படியே எடுத்து ஓரிஃப் அகாவின் மடியில் வைத்துவிட்டேன்.

அவர் புருவத்தை உயர்த்தினார். "லஞ்சமா?"

"உபசாரம் அகா."

"நல்லா இருக்கு உங்க உபசாரம். ஆனா ஒண்ணு, பழத்தைத் தின்னுட்டும் உன்னை அழவைப்பேன்."

"பாக்கலாம்!"

அவர் ஒரு கைப்பிடி எடுத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டார். "இதயத்துக்கு இதைவிட ஒரு மருந்து இருக்கா, சொல்லு?"

"இல்லவே இல்ல அகா!" என்றேன்.

அப்படிச் சொன்னது நான்தான். மறைத்துவிட்டால் இந்தக் கதையில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும், ஆனால் மறைக்க மனசு வரவில்லை.

உள்ளே கூப்பிட்டதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு காலை எடுத்து வைப்பதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. இப்போதே வேஷத்துக்குள் போய்விட்டார், எப்பேர்ப்பட்ட கலைஞன் என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கதவுக்கு முன்னால் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவி "ஆமின்" சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதலில் திலோவர். ஏழு நிமிடம் கழித்து வெளியே வந்தான். கண் கலங்கவில்லை, காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. "முப்பதும் முடிச்சிட்டேன்" என்றான். அவன் பொய் சொல்ல மாட்டான் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

பிறகு என் முறை. அறை மூலையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் ஆசிரியை சயோரா, கையில் நிறுத்து கடிகாரம். இன்னொருவர் ஆஸ்பத்திரி மருந்தகத்தின் தலைவி ரானோ சைதோவ்னா, கையில் மார்க் தாள். முப்பது விஷயத்தையும் எழுதி வைத்தவர் அவர்தான். முகத்தில் எதுவும் படிக்க முடியாது. நான் மேசைக்குப் பின்னால் போய் நின்றேன். மணி அடித்தது.

"வாங்க அகா, உட்காருங்க. மருந்து உங்களுக்கா, வீட்டுல வேற யாருக்காவதா?"

"எனக்குத்தான் மகளே. அப்துல்லோ, டாக்ஸி டிரைவர்." அடிவயிற்றிலிருந்து இருமினார். "நாலு நாளா இந்தச் சனியன் விட மாட்டேங்குது. நல்ல ஆன்டிபயாட்டிக்கா ஒண்ணு குடு. மத்தியானம் துஷான்பேக்குச் சவாரி இருக்கு."

டாக்டர் சீட்டில்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது, கொடுக்காமலும் அவரை மரியாதையாக அனுப்ப வேண்டும். அதுதான் அன்றைய கதை. காய்ச்சல் உண்டா, சளி என்ன நிறம், புகை பிடிப்பாரா, எது கொடுத்தாலும் ஒவ்வாமை வருமா என்று கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு உதட்டைக் கடித்து மனசுக்குள் மூன்று எண்ணினேன், அவரைப் பேசவிட. ரானோ சைதோவ்னாவின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயித்துவிடுவேன் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒன்பதாவது விஷயம் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும். மேசையில் கருவி இருந்தது, ஆனால் அது அலங்காரத்துக்கு. கதையில் வருகிற நோயாளிக்குக் கதையில் வருகிற எண்தானே இருக்க வேண்டும்? அதற்காக ஒரு சீட்டு வைத்திருந்தார்கள். நூற்று முப்பது, எண்பது, நாடி எழுபத்திரண்டு. அதைச் சத்தமாகப் படித்தால் போதும். நான் எங்கே படித்தேன்? ஒரு மாதப் பழக்கம், கை தானாகப் பட்டையை எடுத்து அவர் புஜத்தில் சுற்றிப் பொத்தானையும் அழுத்திவிட்டது.

"மவ்சுனா, சீட்டு" என்றார் சயோரா மெதுவாக.

அதற்குள் எண் வந்துவிட்டது. நாடி முப்பத்தெட்டு.

கருவி பழுது என்று நினைத்தேன். பட்டையைக் கழற்றி என் கையிலேயே சுற்றினேன். நூற்றுப் பதினெட்டு. எனக்கு அன்றைக்கு அவ்வளவு துடித்திருக்கும், அது சரிதான். மறுபடி அவர் கையில் சுற்றினேன். முப்பத்தேழு.

அப்போதுதான் அவரை உற்றுப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. மேசையின் கீழே மரத்துப்போனது போல விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அகா, நீங்க நிஜமா என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மாத்திரையா? அப்துல்லோ மாத்திரையைக் கண்ணால பாத்ததில்ல. நீ இருமலுக்குக் குடு மகளே!" மேசையில் குத்தினார். குத்து வலுவில்லாமல் விழுந்தது.

"ஓரிஃப் அகா, நாடகம் போதும். தயவுசெஞ்சு சொல்லுங்க."

"யாரு ஓரிஃப்?"

"மாணவி, இருமலுக்கு வாங்க" என்றார் ரானோ சைதோவ்னா, தலையை நிமிர்த்தாமல். "ரெண்டு நிமிஷம் நாற்பது விநாடி ஆச்சு."

இருமலுக்குத் திரும்பினால் இன்னும் நேரம் இருந்தது. எல்லாக் கேள்வியும் என் நாக்கு நுனியில் இருந்தது. எனக்கு அந்த இடம் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்றால், ஒரு கணம் அந்த முப்பத்தேழை மறந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தோன்றியதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் எதிரே இருப்பவர் வேஷத்தை விட்டு இறங்க மாட்டார், வைத்தால் வைத்த இடத்தில் நிற்பார். அவரை இறக்க முடியாது என்றால் நான்தான் மேடை ஏற வேண்டும்.

"சரி அப்துல்லோ அகா" என்றேன். "உங்க டாக்ஸியில ஓரிஃப்னு ஒரு நாடகக்காரர் ஏறுவாரா?"

அவர் கண் பளிச்சென்றது. எழுதிக் கொடுக்காத காட்சி என்றால் நடிகனுக்குப் பிடிக்காமல் போகுமா?

"ஏறுவானே! வண்டி முழுக்க வசனம் பேசிக்கிட்டே வருவான். இறக்கிவிடறதுக்குள்ள எனக்குத் தலைவலி வந்துடும்."

"அவருக்கு உடம்பு எப்படி?"

"இதயம் கொஞ்சம் வீக்கு. ஆறு மாசத்துக்கு முன்னாடி பெரிய டாக்டர் ரெண்டு மாத்திரை எழுதினாரு. ஒண்ணு அழுத்தத்துக்கு, ஒண்ணு உடம்புல தேங்கற நீரை வெளியேத்த."

பெயர்களைக் கேட்டேன். சொன்னார். அந்த நீர் மாத்திரை நீரை வெளியே அனுப்பும், பொட்டாசியத்தை மட்டும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் மாத்திரையும் அதற்குத் துணை போகும். பொட்டாசியம் அளவுக்கு மீறினால் முதலில் கைகால் தளரும், பிறகு இதயம் தளர்ந்து நின்றே போகலாம்.

"மாத்திரையோட வேற என்ன சாப்பிடறாராம் அந்த நாடகக்காரர்?"

"வேற என்ன? மூணு வேளையும் ஆப்ரிகாட் ஊறின தண்ணி. அடியில இருக்கற பழத்தையும் விட மாட்டான். இதயத்துக்கு நல்லதுன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்களாம். மாத்திரை ஆரம்பிச்ச நாள்லேருந்து அதையும் ஆரம்பிச்சிட்டான்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு யாரோ ஒரு இஸ்ஃபராப் பொண்ணு ஒரு பை குடுத்தாளாம். அதுலயும் ரெண்டு கைப்பிடி போட்டுக்கிட்டான்."

ஆப்ரிகாட்டில் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கிறது. உலர்ந்த பழத்தில் இன்னும் அதிகம். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். போத்தலைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊர்ப்பெருமை பேசியவளும் நானே.

"அவருக்குக் கால் கனக்குதா அகா?"

அப்துல்லோவின் முரட்டுக் குரல் இறங்கிவிட்டது. "ஒரு வாரமா ஈயத்தைக் கட்டின மாதிரி இருக்காம். வயசாயிடுச்சு, இனி மேடை அவ்ளோதான்னு நினைச்சுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருக்கான், முட்டாப் பய."

நான் ஆசிரியை பக்கம் திரும்பி, "முஅல்லிமா, கடிகாரத்தை நிறுத்துங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! இது நாடகம் இல்ல!" என்று கத்தினேன்.

ரானோ சைதோவ்னா எழுந்து வந்தார். கருவியில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு ஓரிஃப் அகாவின் மணிக்கட்டைத் தானே பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். "நிறுத்துங்க" என்றார் சயோராவிடம். நான்கு நிமிடம் பத்து விநாடியில் கடிகாரம் நின்றது.

ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தூக்கியபோதும் அந்த மனிதர் என்னைப் பார்த்து இருமினார். "மகளே, கடைசி வரைக்கும் நீ மருந்தே குடுக்கலியே!"

பொட்டாசியம் அபாய அளவுக்கும் மேலே போயிருந்ததாகவும், அன்று அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்றும், இப்போது மருந்து ஏறுகிறது, பிழைத்துக்கொள்வார் என்றும் மாலையில் சயோரா வந்து சொன்னார். நான் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். என்னை அழவைக்கிறேன் என்று சொன்னதை ஓரிஃப் அகா சாதித்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அவரைப் பார்க்கப் போனேன். வெறுங்கையோடு போக முடியாது, ஆப்ரிகாட்டை நினைக்கவும் முடியாது. வார்டு நர்ஸுக்கு முன்கூட்டியே போன் போட்டு, அவருக்கு எது ஆகும் எது ஆகாது என்று கேட்டு, கடைசியில் இரண்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டேன். வார்டில் ஆறு கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மார்பில் வயர்கள், கன்னத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. பக்கத்தில் ரானோ சைதோவ்னா நின்றார், கையில் அதே மார்க் தாள், அதே நிறுத்து கடிகாரம்.

"உனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் ஐம்பது விநாடி பாக்கி இருக்கு" என்றார். "நோயாளி காத்திருக்கார்."

"இங்கேயா?"

"நோயாளி எங்க இருக்காரோ அங்கதானே கேக்கணும்?"

ஓரிஃப் அகா உள்ளங்கைகளால் முகத்தைத் தடவினார். அடுத்த நொடி அப்துல்லோ இருமினார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சூடேறியது. விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டேன். டாக்டர் பார்க்காமல் ஆன்டிபயாட்டிக் ஏன் கூடாது என்று சொன்னேன். அவர் கெஞ்சினார், திட்டினார், துஷான்பே சவாரி போனால் தன் ஏழு பிள்ளைகளும் பட்டினி என்று மூக்கை உறிஞ்சினார்.

"அழறாரும்மா, ஒரு மாத்திரையைக் குடுத்துத் தொலையேன்!" என்று எதிர்க் கட்டில்காரர் கத்தினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெந்நீர், ஓய்வு, மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் ஏறினாலோ உடனே டாக்டர். கடைசியாக, "நான் சொன்னதை ஒருதரம் நீங்க சொல்லுங்க அகா" என்றேன்.

அவர் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுப் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு இருமலும் முரடும் இல்லாத குரலில், "ஓரிஃபும் சொல்லிடறேன் மகளே" என்றார். "மருந்தோட வேற என்ன சாப்பிடறேன்னு டாக்டர்கிட்ட மறைக்க மாட்டேன். அவர் சொல்ற வரைக்கும் ஆப்ரிகாட்டைத் தொட மாட்டேன். கால் கனத்தா வயசுன்னு நினைச்சுக்கிட்டு வாயை மூடிட்டு இருக்க மாட்டேன்."

தீ மணிக்கு இறங்காத மனிதர் வேஷத்தை விட்டு இறங்கி வந்துவிட்டார். வார்டே கை தட்டியது.

ரானோ சைதோவ்னா தாளைக் கூட்டினார். "இருபத்தொன்பது."

"திலோவருக்கு?"

"முப்பது."

"எந்த ஒரு மார்க் போச்சு?"

"ஒன்பதாவது. நீ சீட்டைப் படிக்கல."

"அந்தச் சீட்டைப் படிச்சிருந்தா இவர் இன்னிக்கு இருந்திருக்கவே மாட்டாரே!" வார்டு என்றும் பார்க்காமல் கத்தினேன். ஓரிஃப் அகாவும் என்னோடு சேர்ந்து கத்தினார். நர்ஸ் ஓடி வந்தாள்.

"தெரியும்" என்றார் ரானோ சைதோவ்னா. "விதியை எழுதினது நான். அது தப்பான விதி. ஆனா போட்டி முடிஞ்சதுக்கப்புறம் மாத்தினா, முப்பதும் ஒழுங்கா செஞ்ச பையனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" கோட்டுப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நான்காகக் கிழித்தார். "அடுத்த வருஷம் சீட்டு கிடையாது. நிஜக் கருவி, நிஜ எண்."

அடுத்த வருடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வெளியே திலோவர் நின்றிருந்தான். அவனைக் குத்துவதற்கு நாலைந்து வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நானும் அவர் கையைத் தொட்டேன் மவ்சுனா. சில்லுன்னு இருந்துச்சு. சீட்டுல எழுபத்திரண்டுன்னு எழுதியிருந்துச்சு, படிச்சிட்டுப் போயிட்டேன்."

முகத்தைப் பார்த்தால் ராத்திரி தூங்காதது தெரிந்தது. என் வார்த்தைகளை விழுங்கிக்கொண்டேன். "வார்டுல சீட்டு இருக்காது, பாத்து நடந்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வழியெல்லாம் வயிறு எரிந்தது. அதையும் மறைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இஸ்ஃபரா. ஷரோஃப் மாமா கடை வாசலிலேயே கையை விரித்துக்கொண்டு நின்றார். "வந்தியா மகாராணி! ஏணி உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு." உள்ளே எதுவும் மாறவில்லை. கடை மேசை நடுவில் எப்போதும் போல பெரிய பீங்கான் தட்டு, தட்டு நிறைய எங்கள் தோட்டத்து ஆப்ரிகாட். மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் மாமா ஒரு கைப்பிடி கொடுப்பார். முப்பது வருட வழக்கம். சின்ன வயதில் அந்தத் தட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் வாடிக்கையாளர் தொப்பி வைத்த ஒரு பெரியவர். டாக்டர் சீட்டை நீட்டினார். அதே இரண்டு மாத்திரை. மாமா பெட்டிகளை எடுத்து வைத்து, கூடவே தட்டிலிருந்து இரண்டு கையாலும் அள்ளினார். "இந்தாங்க, இதையும் தினம் சாப்பிடுங்க. இதயத்துக்கு இதைவிட ஒரு மருந்து இல்ல."

நான் சொன்ன அதே வார்த்தை. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. எத்தனை பேருக்கு இந்த மேசையில் இப்படிக் கொடுத்திருப்பார்? எட்டிப் பாய்ந்து தட்டைத் தூக்கி மேசைக்கடியில் வைத்தேன்.

"என்னடி பண்றே?"

"இந்த மாத்திரைக்காரங்களுக்கு இது ஆகாது மாமா."

"இஸ்ஃபராவுல நின்னுகிட்டு ஆப்ரிகாட் ஆகாதுங்கறியா? கடையைக் கொளுத்திடுவாங்கடி!"

"பழத்து மேல தப்பு இல்ல. இந்த ரெண்டு மாத்திரையோட சேர்ந்தாத்தான் வம்பு." பெரியவரை உட்காரவைத்தேன். பயமுறுத்தாமல் விஷயத்தைச் சொல்லி, அவர் கையில் பட்டையைச் சுற்றினேன். நாடி எழுபது. இருந்தாலும் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடச் சொன்னேன். அவர் ஒன்றும் கொளுத்தவில்லை. "என் தம்பியும் இதே மாத்திரைதான், அவனையும் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கே மருந்து சொல்லித் தர்றா!" என்று முணுமுணுத்தபடி, மேல்தட்டில் எதையோ எடுக்கிற சாக்கில் ஏணியில் கால் வைத்தார். இரண்டாவது படி. அதற்கு மேல் கால் எழும்பவில்லை. ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் நடுங்கியது. அவர் கோட்டுப் பை எப்போதும் போலப் புடைத்திருந்தது. அதற்குள் என்ன இருக்கும் என்று எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

கால் கனக்குது, கால் கனக்குது என்று மூன்று மாதமாக அவர் போனில் சொன்னது என் காதில் இப்போதுதான் விழுந்தது. நடிகர் செய்ததை நடிப்பு என்று பார்த்தேன். மாமா சொன்னதையும் நடிப்பு என்று கேட்டேன்.

"மாமா, நீங்களும் அந்த மாத்திரை சாப்பிடறீங்களா?"

அவர் ஏணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அஞ்சு மாசமா. உங்கம்மாகிட்ட சொல்லிடாதே, பயந்துடுவா."

தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். பட்டையைச் சுற்றினேன். பொத்தானை அழுத்தினேன். கருவி உறுமியது, நின்றது. நாற்பத்திரண்டு.

மாமா எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே கோட்டுப் பைக்குள் கையை விட்டு, ஆப்ரிகாட்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வரிசையாக வைத்தார். ஊரில் யாருக்கும் அடங்காத மனிதர், வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் அந்த வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்குகிறபோது என் கோட்டு நுனியைப் பிடித்தார்.

"கடையை யாரு பாத்துக்குவா மவ்சுனா ஜான்?"

வாசலில் அந்தப் பெரியவர் தன் தம்பியோடு வந்து நின்றிருந்தார். தம்பி அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"நான் பாத்துக்கறேன் மாமா" என்றேன்.